நமது ஐம்பது செடிகள்

சேலையூரில் வசிக்கும் நமது நண்பர் ஒருவர் இரண்டு வருஷங்களுக்கு முன் மலைப்பக்கம் யாத்திரை போய்த் திரும்புகையில், ஒரு காப்பிக் கன்றை மண்ணோடு பெயர்த்து மடியில் வைத்துக் கொண்டு வந்து சேர்ந்தார். கொல்லையில் துளசி மாடத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே நல்ல இடம் பார்த்து அதை நட்டார். கத்திரி வெயில் வந்ததும் அதன் இலைகள் ஓரங்கருகிச் சுருண்டன. நண்பர் மனம் தளரவில்லை. தகப்பனார் காலத்துப் பழைய குடை ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துக் கழியில் கட்டி அதற்கு நிழல் பிடித்து வைத்தார். நம்மைக் காணும்போதெல்லாம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏன் ஸார், இதிலே எப்போது காப்பி குடிக்கலாம்?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமென்று நாம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆரம்பத்திலேயே ஒரு தடங்கல். அரபிகா என்னும் உயர்ந்த ஜாதிக் காப்பி, கடல் மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டர் முதல் 1,500 மீட்டர் வரை உயரமுள்ள மலைச் சரிவுகளில், 15 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் இடைப்பட்ட உஷ்ணத்தில் சுகமாக வளர்வது. தாம்பரமோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் முப்பது மீட்டர்; மே மாதத்தில் இங்கே உஷ்ணம் 40 டிகிரியைத் தொடும். நண்பரின் குடை எவ்வளவு பெரிதாயிருந்தாலும் இந்தப் பள்ளத்தை நிரப்பாது.

ஆனாலும் காப்பிக்கும் நமது பேட்டைக்கும் உறவே இல்லையென்று சொல்லி விடக்கூடாது. வண்டலூர்க் காட்டிலும், நன்மங்கலம் காட்டிலும், 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்துப் புதர்களிலும் வளரும் நுணா மரமும் காரைச் செடியும் காப்பிக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். வீட்டு வாசலில் நாம் வளர்க்கும் இட்லிப்பூவும் அதே குடும்பந்தான். நுணா பூத்திருக்கும் காலத்தில் அதனடியில் ஒரு நிமிஷம் நின்று பார்த்தவர்களுக்குக் காப்பிப் பூவின் வெண்மையும் வாசனையும் ஏறக்குறைய விளங்கியிருக்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு சாதாரணக் குடும்பம் மாதம் அரைக்கிலோ சுத்தமான காப்பிப் பொடி செலவழிக்கிறது என்று வைத்துக் கொள்வோம். வருஷத்துக்கு 6 கிலோ. பச்சைக் கொட்டையை வறுக்கும்போது ஆறில் ஒரு பங்கு எடை ஆவியாய்ப் போய்விடும். ஆகவே 7 கிலோவுக்குச் சற்று மேல் பச்சைக் கொட்டை வேண்டும். ஒரு கிலோ கொட்டைக்குச் சுமார் 6 கிலோ பழம் பறிக்க வேண்டும். ஆக 43 கிலோ பழம். நமது தேசத்தில் ஒரு ஹெக்டேர் அரபிகாத் தோட்டம் வருஷத்துக்குச் சராசரியாக 400 முதல் 500 கிலோ கொட்டை கொடுக்கிறது. ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 செடி நிற்கும். வகுத்துப் பார்த்தால் செடி ஒன்றுக்கு வருஷத்தில் 150 கிராம் கொட்டை தேறுகிறது. ஆகவே நமது குடும்பம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது செடிகள் வேண்டும்.

விடை கிடைத்ததும் நமக்கே சிறிது திகைப்பாயிருந்தது. தாம்பரத்தில் காலையில் பில்டரில் வெந்நீர் ஊற்றும் ஒவ்வொரு வீட்டுக்கும் எங்கோ ஒரு மலையில் ஐம்பது செடிகள் சொந்தம்போல் நின்று கொண்டிருக்கின்றன. பாட்டன் முப்பாட்டன் நிலத்துக்கு வரப்புத் தகராறு செய்யத் தெரிந்த நமக்கு, இந்த ஐம்பது செடிகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்பதுகூடத் தெரியவில்லை. போய்ப் பார்த்து வருவதென்று தீர்மானித்தோம்.

நமது தேசத்தில் விளையும் காப்பியில் நூற்றுக்கு எழுபது பங்கு கர்நாடகத்தில் விளைகிறது. கேரளத்துக்கு இருபது. தமிழ்நாட்டின் பங்கு ஐந்தோ ஆறோதான். ஆயினும் நமது மாகாணத்துக் காப்பியில் பெரும்பகுதி அரபிகா. நீலகிரி, ஏற்காடு, ஆனைமலை, கொல்லிமலை, போடி மலை, கீழ்ப் பழனி மலை என்று அது சிதறிக் கிடக்கிறது. இவற்றுள் தாம்பரத்துக்காரருக்குச் சௌகரியமானது கீழ்ப் பழனி மலை. இரவில் தாம்பரத்தில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் திண்டுக்கல். அங்கிருந்து வத்தலக்குண்டு மார்க்கமாய்ப் போனால் பட்டிவீரன்பட்டி. தலைமுறை தலைமுறையாகக் காப்பி பயிரிட்டும் காப்பி வியாபாரம் செய்தும் பெயர் பெற்ற குடும்பங்களின் ஊர் அது. தியாகராய நகரில் நாம் துணியும் பாத்திரமும் வாங்கும் பாண்டி பஜாருக்கு எவருடைய பெயர் வழங்குகிறதோ, அந்தச் சௌந்தரபாண்டியனார் இவ்வூர்க்காரரே. பட்டிவீரன்பட்டியைத் தாண்டினால் மலைப்பாதை. பெரும்பாறை, பிறகு தாண்டிக்குடி.

காப்பித் தோட்டம் என்றதும் தேயிலைத் தோட்டத்தைப் போல் பச்சைக் கம்பளம் விரித்திருக்கும் என்று நினைத்துக் கொண்டு போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். முதலில் கண்ணுக்குத் தெரிவது காடுதான். மேலே பலாவும் ஆலும் அத்தியும் சில்வர் ஓக்கும். அவற்றுக்குக் கீழே கல்யாண முருங்கை. மரங்களின் மேல் மிளகுக் கொடி. நடு நடுவே மலைவாழை. இத்தனைக்கும் அடியில், ஆள் உயரத்துக்குள், பளபளக்கும் கரும்பச்சை இலைகளோடு காப்பிச் செடி ஒதுங்கி நிற்கிறது. சும்மா விட்டால் அது பதினைந்து அடிக்கு மேல் வளரக்கூடிய மரம். கை எட்டும் உயரத்தில் நிற்க வேண்டுமென்பதற்காக ஐந்தடியில் நுனியைக் கிள்ளி விடுகிறார்கள். உலகத்தில் பல தேசங்களில் காப்பியை வெட்டவெளியில் பயிரிடுகிறார்கள். நமது தேசத்தில் பெரும்பாலும் நிழலிலேயே வளர்க்கிறார்கள். நண்பர் கழியில் கட்டிய குடை அவ்வளவு கேலிக்குரியதல்ல என்பது நமக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தது.

இந்தச் செடி நமது மலைகளுக்கு வந்த வரலாற்றை இரண்டே வரியில் சொல்லி விடலாம். பாபா புதான் என்ற முஸ்லிம் பெரியார் பதினேழாம் நூற்றாண்டில் மக்கா யாத்திரையிலிருந்து திரும்புகையில், அரபு தேசத்தார் வெளியே விடாமல் காத்து வந்த காப்பி விதைகளில் ஏழை மறைத்துக் கொண்டு வந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது ஐதிகம். தமிழ்நாட்டில், 1820-ஆம் ஆண்டுகளில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டில் காப்பி பயிரிடச் செய்தார் என்பது சரித்திரம். மடியில் கன்று வைத்துக் கொண்டு வந்த நமது நண்பருக்கு முன்னோடிகள் உண்டு!

ஐம்பது செடிகளின் வருஷப் பிறப்பு சித்திரையிலும் இல்லை, ஜனவரியிலும் இல்லை. மார்ச்சில் விழும் முதல் மழையில் இருக்கிறது.

முந்தின வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்திலேயே கிளைகளின் கணுக்களில் மொட்டுகள் உருவாகி விடுகின்றன. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் வறட்சியில் அவை அப்படியே உறங்குகின்றன. அந்த உறக்கம் அவசியமான உறக்கம். வறட்சி சரியாயிருந்தால்தான் மொட்டுகள் யாவும் ஒரே சமயத்தில் விழிக்கும். மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஒரு நாள் சாயங்காலம் இடி இடித்து ஓர் அங்குல மழை பெய்ய வேண்டும். தோட்டக்காரர்கள் இதைப் பூமழை என்கிறார்கள். மழை பெய்து எட்டு அல்லது பத்து நாள் கழித்து, ஒரே காலையில் மலை முழுதும் வெள்ளையாய்ப் பூத்து விடுகிறது. கிளையின் ஒவ்வொரு கணுவிலும் மல்லிகைச் சரத்தைச் சுற்றி வைத்தாற்போல் பூ. வாசனையும் மல்லிகையை ஒத்ததே. தேனீக்களின் ரீங்காரம் தோட்டம் முழுவதும் கேட்கும். இவ்வளவு கோலாகலமும் மூன்று நாளைக்குத்தான். பிறகு பூ பழுப்பாகி உதிர்ந்து விடும்.

இந்த மூன்று நாளில் நமது வருஷக் காப்பி நிர்ணயமாகி விடுகிறது என்றால் மிகையாகாது. முதல் மழை அரை அங்குலத்தோடு நின்று விட்டால் மொட்டு பாதி விழித்துக் கருகிப் போகும். பூத்திருக்கும் நாளிலேயே மறுபடி கொட்டினால் மகரந்தம் கரைந்து போகும். பூ முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் இரண்டாவது மழை வராவிட்டால் பிடித்த பிஞ்சும் உதிரும். கிணறும் குளமும் எந்திரமும் உள்ள பெரிய தோட்டக்காரர், மழை தவறினால் குழாயில் நீர் தெளித்துப் பூக்க வைக்கிறார். ஆனால் நமது தேசத்துக் காப்பிக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் பத்து ஹெக்டேருக்குட்பட்ட சிறு விவசாயிகள். அவர்களில் பெரும்பாலோருக்கு வானத்தைத் தவிர வேறு குழாய் கிடையாது.

நாம் போயிருந்த சமயம் பூ முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு சிறு தோட்டக்காரர், வயது அறுபதுக்கு மேலிருக்கும், கிளையை வளைத்து நமக்குக் காட்டினார். பாதிக் கணுக்களில் குண்டூசித் தலை அளவு பச்சைப் பிஞ்சு. மறு பாதியில் ஒன்றுமில்லை. "ஜனவரியிலேயே ஒரு மழை அடிச்சுக் கொஞ்சத்தைப் பூக்க வச்சிருச்சு. மிச்சம் இப்பப் பூத்துச்சு. மழைக்கு இப்பல்லாம் மாசம் தெரியறதில்லீங்க ஐயா" என்றார். ஜனவரியில் பூத்தால் என்ன கெட்டு விட்டது என்று நாம் அசட்டுத்தனமாகக் கேட்டோம். அவர் பொறுமையாகச் சொன்னார்: இரண்டு தடவை பூத்தால் பழமும் இரண்டு தடவை பழுக்கும், ஒரே செடிக்கு ஆட்களை ஏழெட்டுத் தடவை அனுப்ப வேண்டும், கூலி விளைச்சலைத் தின்று விடும். அதோடு, ஜனவரி மழை வரும்போது முந்தின வருஷத்துப் பழமே இன்னும் களத்தில் காய்ந்து கொண்டிருக்கும்.

தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. இதன் தாய் நிலையம் கர்நாடகத்துப் பாலெஹொன்னூரில் 1925-இல் ஏற்பட்டது. அங்கே உருவாக்கி 1940-ஆம் ஆண்டுகளில் தோட்டங்களுக்குக் கொடுத்த எஸ். 795 என்ற ஜாதி இன்றைக்கும் நமது மலைகளில் தழைத்து நிற்கிறது. பெயர் சிறைக்கைதியின் இலக்கத்தைப் போலிருந்தாலும் காப்பி அருமையானது. அதை விதையாய்ப் போட்டால் ஒன்றரை மாதத்தில் முளை விடுகிறது. தண்டின் உச்சியில் கொட்டையைத் தொப்பிபோல் சுமந்து விறைப்பாய் நிற்கும் அந்த நிலைக்குச் சிப்பாய் என்று பெயர். தொப்பி கழன்று இரண்டு வட்ட இலைகள் விரிந்ததும் அதற்கு வண்ணத்துப்பூச்சி என்று பெயர். நாற்றங்காலில் இவ்விரு வேஷங்களையும் ஆடி முடித்துத் தோட்டத்துக்குப் போனால், மூன்று நான்கு வருஷத்தில் முதல் காய்ப்பு. பிறகு நன்றாய்ப் பார்த்துக் கொண்டால் ஒரு மனிதனின் உழைப்புக்காலம் முழுவதும் அது காய்த்துக் கொண்டிருக்கும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை பிஞ்சு பருக்கும் காலம். இந்தக் காலத்து வேலைகள் பார்ப்பதற்கு அழகற்றவை. ஆகையால் படங்களில் வருவதில்லை. களை எடுக்க வேண்டும். உரம் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் நிழல் அதிகமானால் பூஞ்சணம் பிடிக்குமாதலால் மரமேறிக் கிளை கழிக்க வேண்டும். அறுவடைக்குப் பின் செய்த கவாத்திலிருந்து கிளம்பும் வேண்டாத குச்சிகளைக் கிள்ள வேண்டும். காப்பிக்கு ஒரு விநோத குணம் உண்டு. ஒரு முறை காய்த்த கணுவில் மறுமுறை காய்க்காது. இந்த வருஷம் வளர்ந்த புதுக் கிளையில்தான் அடுத்த வருஷத்துப் பூ. ஆகவே இவ்வாண்டு அளவுக்கு மீறிக் காய்த்துக் களைத்த செடி அடுத்த ஆண்டு ஏமாற்றி விடும். கத்தி பிடிக்கிறவன் இன்றைய காயைப் பார்த்துக் கொண்டே நாளைய பூவையும் கணக்கிட வேண்டும்.

சத்துருக்களும் இந்தக் காலத்தில்தான் தலை காட்டுவார்கள். அரபிகாவுக்குப் பரம வைரி தண்டு துளைக்கும் வண்டு. நிழல் குறைந்து தண்டில் வெயில் படும் செடியாகத் தேடி, பட்டையின் வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து கொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் தண்டில் மேடு மேடாய்த் தடிப்பும், சோர்ந்த இலையும். அப்புறம் மருந்து இல்லை. வேரோடு பிடுங்கிக் கொளுத்த வேண்டியதுதான். வருமுன் காப்பதற்காகத் தண்டின் பட்டையைத் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள்; சுண்ணாம்பு பூசுகிறார்கள். பழத்தைத் துளைக்கும் வேறொரு சிறு வண்டு 1990-இல் கூடலூரில் முதன்முதல் காணப்பட்டது. இன்று அது இல்லாத காப்பி நாடு அபூர்வம்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய கதை இலைத் துருவினுடையது. இதைச் சொல்லும்போது தமிழ் மக்களின் நெஞ்சு சற்றுக் கனக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகப் பெயர் பெற்ற காப்பி, சிலோன் காப்பி. அதை விளைவித்தவர்கள் தஞ்சை, திருச்சி, மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்டுப் போன நமது ஜனங்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்தே போனார்கள். பேதியிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1869-இல் அங்கே காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் ஒன்று தென்பட்டது. தூள்தானே என்று முதலில் யாரும் கவலைப்படவில்லை. இருபது வருஷத்துக்குள் சிலோன் காப்பி மண்ணோடு மண்ணாயிற்று. துரைமார் தேயிலைக்கு மாறிக் கொண்டார்கள். தொழிலாளிகளுக்குக் கூடை மாறிற்று, கூலி வாழ்வு மாறவில்லை. அந்தத் தூள் நமது மலைகளுக்கும் வந்தது. இன்றைக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீரை இலையின் அடிப்புறம் படும்படி தெளித்து அதைத் தடுத்து வருகிறார்கள். நீலகிரியில் நாம் காணும் தேயிலைச் சரிவுகளில் பல, ஒரு காலத்தில் காப்பி நின்ற இடங்களே.

கீழ்ப் பழனியில் பழம் பழுப்பது நவம்பர் முதல் ஜனவரி வரை. வடகிழக்குப் பருவமழையின் வால் அங்கே சுழன்றடிக்கும் காலமும் அதுவே. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஒரே கொத்தில் நாலு நிறம் இருக்கும். சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும். பச்சையைக் கலந்து பறித்தால் டிகாக்ஷனில் புல் நாற்றம் வரும். கறுத்துப் போனதைக் கலந்தால் புளிப்பு. மழை விடாமல் பெய்தால் பழுத்த பழம் செடியிலேயே வெடிக்கும், அல்லது உதிர்ந்து சேற்றில் கிடக்கும். ஆகையால் தூறலிலும் சாக்குப் பையைத் தலையில் மடித்துப் போட்டுக் கொண்டு பறிக்கிறார்கள். பறிப்பவர்களில் பெரும்பாலோர் ஸ்திரீகள். இடுப்பில் பை, காலடியில் வழுக்கும் சரிவு, காலில் அட்டை. முதலில் ஆங்காங்கே பழுத்ததைப் பொறுக்குவது. பிறகு பெரிய பறிப்பு இரண்டு மூன்று தடவை. கடைசியில் மிச்சத்தை உருவி எடுப்பது. அதற்கும் பிறகு நிலத்தில் சிந்தியதைப் பொறுக்குவது. ஒரு பழத்தைக் கீழே விட்டு வைத்தாலும் துளைக்கும் வண்டுக்கு அது வீடாகி விடும்.

நல்ல அறுவடை நாளில் கைப்பழக்கமுள்ள ஒருத்தி 40 முதல் 50 கிலோ வரை பழம் பறித்து விடுகிறாள். நேயர்கள் மேலே நாம் போட்ட கணக்கைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 43 கிலோ! நமது குடும்பம் வருஷம் முழுவதும் விருந்தினருக்கும் நமக்குமாகக் குடிக்கிற காப்பி, ஒரு ஸ்திரீயின் ஒரு நாள். காலை முதல் மாலை வரை இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட பழங்களை அவள் ஒவ்வொன்றாய்த் தொட்டு எடுத்திருக்கிறாள். அந்த ஒரு நாளைக்கு அவளுக்குக் கிடைத்த கூலியையும், அதே காப்பிக்கு வருஷம் முழுதும் கடையில் நாம் எண்ணிக் கொடுக்கும் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். அந்தத் தாளை அப்புறம் கிழித்துப் போட்டு விட்டோம். பறித்துக் கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "நீங்கள் என்ன காப்பி குடிக்கிறீர்கள்?" என்று கேட்டோம். "கருப்பட்டி போட்டுச் சுக்குக் காப்பிங்க. இதைக் கொட்டையாத்தான் பார்த்திருக்கோம்" என்று சொல்லிச் சிரித்தார்.

பறித்த பழத்தை அன்றைக்கே எந்திரத்தில் கொடுத்துத் தோலை உரித்து விட வேண்டும். உரித்த கொட்டையின் மேல் பாகுபோல் ஒரு வழவழப்பு ஒட்டிக் கொண்டிருக்கும். தொட்டியில் ஓர் இரவும் சற்று அதிகமும் ஊற விட்டால் அது புளித்துக் கழன்று விடும். பொழுது தவறிப் போனால் கொட்டைக்கே புளிப்பு ஏறிவிடும். நமது வீட்டில் தோசை மாவைப் பார்க்கும் கண் அங்கேயும் வேண்டியிருக்கிறது. நன்றாகக் கழுவி, களத்தில் பரப்பி, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை கிளறிக் கிளறிக் காய வைக்கிறார்கள். மழை மேகம் கண்டால் குடும்பமே ஓடி வந்து கூட்டி மூடும். எந்திரமோ தண்ணீரோ இல்லாதவர்கள் பழத்தை அப்படியே தோலோடு காய வைத்து விற்கிறார்கள்; அதற்கு விலை குறைவு. பிறகு மூட்டை கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் போன்ற இடங்களின் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. அங்கே உள் தோலை நீக்கி, மெருகேற்றி, சல்லடையில் தரம் பிரிக்கிறார்கள். நாம் கடையில் பெருமையோடு கேட்கும் 'பிளாண்டேஷன் ஏ' என்பது சல்லடைக் கண்ணின் அளவைக் குறிக்கும் பெயர்தான். 'பீபரி' என்பதும் தனி ஜாதியல்ல. இரண்டு கொட்டை இருக்க வேண்டிய பழத்தில் ஒன்றே தங்கி உருண்டையானது. ஒரே செடியில், ஒரே கொத்தில், இரண்டும் இருக்கும்.

இனி விலை. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டிற்று. அதற்கு முந்தின வருஷம் பிரேஸிலில் மழை பொய்த்ததே பெருங்காரணம். தாம்பரம் மார்க்கெட்டில் பொடி விலை ஏறியதும், "ஏனய்யா?" என்று நாம் கேட்க, கடைக்காரர் "பிரேஸில்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். கண்காணாத தேசத்து வறட்சிக்கு மேற்குத் தாம்பரத்தில் அபராதம்! நமது காப்பியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாட்டுக்குப் போகிறபடியால் உள்ளூர் விலையும் அந்தத் தராசிலேயே ஆடுகிறது. ஆனால் 2019-இல் அதே அரபிகா 1 டாலருக்கும் கீழே விழுந்து தோட்டக்காரர்கள் செலவுக்குக்கூடக் காணாமல் தவித்தபோது, நமது தெருக்கடையில் பொடி விலை இறங்கியதாக நமக்கு ஞாபகம் இல்லை.

இந்த ஆட்டத்திலிருந்து காப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு ஒன்று முன்னே இருந்தது. உலக யுத்தத்தால் ஐரோப்பியச் சந்தை மூடிப் போன சமயத்தில், 1942-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, விளைந்த காப்பி முழுவதையும் வாரியம் ஒரே குவியலாய் வாங்கி விற்றது. அதற்குச் சில வருஷம் முன்னரே, 1936-இல், பம்பாயில் முதல் காப்பி ஹவுஸ் திறந்து நமது ஜனங்களை நமது காப்பி குடிக்கப் பழக்கும் வேலையும் துவங்கியிருந்தது. 1990-ஆம் ஆண்டுகளில் அந்தக் குவியல் படிப்படியாகக் கலைக்கப்பட்டு, விவசாயி தன் காப்பியைத் தானே விற்கலாமென்று ஆயிற்று. பணத்துக்காகத் தவணை தவணையாய்க் காத்திருந்தவர்களுக்கு அது விடுதலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாலு மூட்டைக்காரன் நியூயார்க்குக்கு எதிரே தனியாக நிற்கிறான் என்பதும் வாஸ்தவம்.

சிக்கரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் மன்னிக்க மாட்டார்கள். நமக்குச் சிக்கரியின் மேல் விரோதம் கிடையாது. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் கிழங்கு அது. டிகாக்ஷனுக்கு நிறமும் கனமும் கொடுக்கிறது. நமது பாட்டிமார் அதன் துணையோடுதான் காப்பிக்குப் பேர் வாங்கினார்கள். காப்பியும் சிக்கரியும் கலந்த பொடியில் 49 சதவிகிதம் வரை சிக்கரி இருக்கலாமென்று சட்டமே அனுமதிக்கிறது. எவ்வளவு என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டுமென்றும் சொல்கிறது. அச்சிடுகிறார்கள், வாசிப்பதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும். 30 சதவிகிதம் சிக்கரி கலந்த பொடியை வாங்குகிற வீட்டுக்கு மலையில் இருப்பது ஐம்பது செடியல்ல, முப்பத்தைந்து. பாதிக்குப் பாதி வாங்குகிறவருக்கு இருபத்தைந்து. மிச்சத்துக்கும் காப்பியின் விலையையா கொடுக்கிறோம் என்று ஒவ்வொரு குடும்பத்தலைவியும் கணக்குப் பார்க்க வேண்டியதே.

2019-இல் குடகு, வயநாடு, சிக்கமகளூர், அரக்கு, பாபா புதான் மலை ஆகிய ஐந்து இடங்களின் காப்பிக்குப் புவிசார் குறியீடு வழங்கினார்கள். அந்த ஐந்தில் தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை. காரணத்தை ஆராய்ந்து கொண்டு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊரிலிருந்து திரும்பியதும் வழக்கமாய்ப் பொடி வாங்கும் கடையில், "இது எந்த மலைக் காப்பி?" என்று கேட்டோம். கடைக்காரர் வறுக்கும் எந்திரத்தை நிறுத்தி விட்டு நம்மை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருஷமாய்க் கடை வைத்திருக்கிறாராம், ஒருவரும் கேட்டதில்லையாம். உள்ளே போய்ச் சாக்கைப் புரட்டிப் பார்த்து வந்து, "இது சிக்கமகளூர். தாண்டிக்குடி வேண்டுமென்றால் சொல்லி வரவழைக்கலாம், ஆனால் இத்தனை கிலோவாவது எடுக்க வேண்டும்" என்றார். அந்த அளவுக்கு நமது வீடு ஒன்று போதாது. தெருவில் நாலு வீட்டைச் சேர்த்துப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சேலையூர் நண்பர் இரண்டு கிலோவுக்குக் கையெழுத்திட்டார்.

தமது செடியைப் பற்றிய கணக்கையும் அவரிடம் சொன்னோம். அது தப்பிப் பிழைத்துக் காய்த்தாலும் வருஷத்துக்கு 150 கிராம் கொட்டை. வறுத்து அரைத்தால் அவரது வீட்டுக்கு ஒரு வாரம் காணும் என்றோம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். "அந்த ஒரு வாரம் போதும் ஸார்" என்றார். மார்ச் மாதம் பிறந்ததிலிருந்து அவர் பத்திரிகையில் சென்னை வெயிலைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கொடைக்கானல் பக்கம் மழை உண்டா என்று பார்த்து வருகிறார். சென்ற வாரம் திண்டுக்கல் மலைப் பகுதியில் இடியுடன் மழை என்று செய்தி வந்தது. அன்று சாயங்காலம் நாம் போனபோது, நாட்காட்டியில் பத்து நாள் தள்ளி ஒரு தேதியைச் சுழித்து வைத்து விட்டு, கொல்லையில் செடியின் மேல் குடையைச் சற்று உயர்த்திக் கட்டிக் கொண்டிருந்தார்.